ஐம்பதைவிடச் சிறிய நானூறு

"ஒரு சமக்குறி போட்டா வைக்கிறது. ரெண்டு சமக்குறி போட்டா கேக்கிறது," என்றாள் ஜிபார். பலகையில் சமக்குறியை ஒற்றையாகவும் இரட்டையாகவும் எழுதியிருந்தாள். "ஆடு, ஒத்தைக் குறி, பத்துன்னு எழுதினா ஆடு இனிமே பத்து. ரெட்டைக் குறி போட்டா, ஆடு பத்துதானான்னு கேள்வி. ஆமான்னு பதில் வரும், இல்லன்னா இல்லைன்னு வரும். வேற எதுவும் வராது."

"என் புருஷனுக்கு இதைச் சொல்லிக் குடு," என்றாள் பின்வரிசையில் இருந்த சல்கின். "அந்த ஆள்கிட்ட கேட்டா ஆமாவும் வராது, இல்லையும் வராது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டு வெளிய போயிருவாரு."

பெண்கள் சிரித்தார்கள். கிர்கிஸ்தான் மலையூரான அட்-பாஷியின் நூலகத்தில் குழந்தைகளுக்கான அறை அது. குட்டி நாற்காலிகளில் முழங்கால் மார்பைத் தொட, மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே மலை முழுவதும் வெள்ளையாக, சத்தமில்லாமல் நின்றது. நாரின் நகரத்திலிருந்து வரவேண்டிய ஆசிரியர் கணவாயில் பனி விழுந்ததால் வரவில்லை. போன வருடம் இதே வகுப்பை முடித்தவள் என்பதால் ஜிபாரைப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள். பைத்தான் மொழி. வீட்டில் அம்மா அதைப் பாம்புப் படிப்பு என்பாள்.

பெரியதா, சிறியதா என்று கேட்கும் குறிகளுக்கு வந்தபோது ஜிபார் தன் சொந்த நிரலைத் திரையில் போட்டாள். அதைக் காட்ட அவளுக்குக் காலையிலிருந்தே ஆசை. அண்ணன் பிள்ளை பிறந்ததும் அவளே செய்து, மலைப் பள்ளத்தாக்கில் ஆட்டோடு குடும்பம் தங்கும் பனிக்கால வீட்டில் மாட்டிவிட்டு வந்த பெட்டிக்குள் ஓடும் நிரல் அது. கரியடுப்பு எரியும்போது மணமும் நிறமும் இல்லாமல் வருமே, அந்த நஞ்சை மோந்து பார்க்கும் ஒரு சிறு வில்லை, ஒரு பச்சை விளக்கு, ஒரு ஊதி, அவ்வளவுதான் பெட்டி. வில்லை சொல்லும் எண் ஐம்பதுக்கு மேல் போனால் அலறும். அந்த நஞ்சைப் பற்றி அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே இரவில் காலியாகிப்போன ஒரு வீட்டை ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

"இங்க வில்லை இல்ல. அதனால எண்ணை நாமளே தட்டலாம். வாங்க, சல்கின் அக்கா."

சல்கின் கையுறையைக் கழற்றிவிட்டு இருபது என்று தட்டினாள். 'நலம்' என்று வந்தது. அறுபது தட்டினாள். கணினி அலறியது. முன்வரிசைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அறுபதுக்கே இந்தக் கத்தலா? இரு, பெருசா ஒண்ணு போடறேன். கூரை பறக்கட்டும்."

நானூறு.

'நலம்' என்றது திரை.

"பயந்துட்டான் போலிருக்கு," என்றாள் சல்கின்.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். ஜிபாரும் சிரித்தபடியே தானே தட்டிப் பார்த்தாள். நூறு, நலம். இருநூற்றைம்பது, நலம். எழுபது, அலறல். எட்டு என்று தட்டினாள். ஐம்பதுக்கு எவ்வளவோ கீழே இருக்கும் எட்டுக்கு அது அலறியது.

அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன.

நிரல் எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. வில்லையிலிருந்து வருவது எழுத்து, அதை எண்ணோடு ஒப்பிட முடியாது என்று திரையில் சிவப்பு வரி வந்திருந்தது. ஐம்பதின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு அதையும் எழுத்தாக்கினாள். சிவப்பு போய்விட்டது. அன்றைக்கு அந்த வெற்றியை ஒரு கோப்பைத் தேநீரோடு கொண்டாடினாள். ஆனால் எழுத்தாகிவிட்ட எண்ணை மொழி எடை போடுவதில்லை. பள்ளியில் பெயர்களை அகர வரிசைப்படுத்துவதுபோல முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறது. ஐந்துக்கு முன்னால் நான்கு வரும். ஆகவே நானூறு ஐம்பதைவிடச் சிறியது. எட்டு ஐம்பதைவிடப் பெரியது.

அறுபதிலும் எழுபதிலும் அலறும் பெட்டி, நூறைத் தொட்டதும் வாயை மூடிக்கொள்ளும்.

"என்ன ஜிபார்? முகம் வெளுத்துப்போச்சு," என்றாள் சல்கின்.

ஜிபார் அதற்குள் அம்மாவை அழைத்துவிட்டாள். பாத்திரச் சத்தம், ஆண்களின் சிரிப்பு, அதற்கு நடுவே அம்மாவின் குரல்.

"எங்கம்மா இருக்கே?"

"உன் பெரியப்பா செத்த வருஷச் சாப்பாடுடி. மறந்துட்டியா? விருந்துக்குக் குதிரை அடிச்சிருக்காங்க. சொந்தமெல்லாம் இங்கதான் இருக்கு."

"அண்ணிகூட யாரு?"

"யாரு இருப்பா? அப்பா ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டார்."

"நாப்பது நாள் கழியாத பிள்ளையையும் பெத்தவளையும் தனியா விட்டுட்டா வந்தே?"

"தனியா எங்க விட்டேன்? உன் பொட்டிதான் இருக்கே துணைக்கு. இங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன், என் பொண்ணு பாம்பு படிச்சு வீட்டுக்கு ஒரு காவல்காரனை அனுப்பிட்டான்னு." அம்மா குரலைத் தாழ்த்தி, பெருமையாகச் சொன்னாள். "நல்லாப் பழகிருச்சுடி. அடுப்பு மூட்டினா லேசாக் கத்தும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கும். அடங்கிருச்சுன்னா காத்து சுத்தமாயிருச்சுன்னு அர்த்தம். உடனே புகைக் குழாய்த் தகட்டை மூடிடுவோம். சூடு வெளிய போறதில்ல. கரி எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

ஜிபார் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எட்டு, ஒன்பது, பிறகு பத்து. பத்தில் அது அடங்குகிறது. புகை குறைந்து அடங்கவில்லை. ஏறி அடங்குகிறது.

"அண்ணி பேசினாங்களா?"

"இப்பத்தான், இறைச்சி வர்றதுக்கு முன்னாடி. வைக்கோல் போர் மேல ஏறி நின்னு பேசினா. தலை வலிக்குதாம். பொட்டி மறுபடி ஒருக்கா பலமாக் கத்துச்சாம். கதவைத் திறக்கலாம்னு எழுந்திரிச்சாளாம், அதுக்குள்ள தானே நின்னுருச்சாம். குழந்தையும் அழாம தூங்குது, நானும் கொஞ்சம் படுக்கறேன்னா. படுத்துக்கோடின்னேன்."

"அம்மா, அது நின்னது நல்லதுக்கில்ல. புகை கூடினா நின்னுரும். என் தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்."

"என்னடி சொல்றே? கத்தற பொட்டி எப்படிடி புகை கூடினா நிக்கும்?"

ஜிபார் அதைத் துண்டித்துவிட்டு அண்ணியின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல், முதலில் கிர்கிஸிலும் பிறகு ருஷ்ய மொழியிலும், பொறுமையாகச் சொன்னது. அந்த வீட்டுக்குள் எந்தக் காலத்திலும் தொடர்பு கிடைத்ததில்லை. அண்ணன் ருஷ்யாவில், கசானில் கட்டட வேலையில் இருக்கிறான். அந்தப் பள்ளத்தாக்கில் அது ஒன்றுதான் வீடு.

அவள் ஓடிப்போனபோது சந்தைப் பக்கம் மமித் தன் பழைய ருஷ்ய ஜீப்பின் கதவில் சாய்ந்து, இறைச்சி வைத்த சம்சா தின்றுகொண்டிருந்தான். சவாரிக்கு நான்கு பேர் சேரும்வரை அவன் நகர மாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

"மமித் அண்ணே, எங்க பனிக்கால வீட்டுக்குப் போகணும். இப்பவே."

"வா, வாத்தியாரம்மா! உக்காரு. இன்னும் மூணு பேர் வந்துட்டா பறந்துருவேன்."

"நாலு இடமும் எனக்குத்தான்."

"நீ ஒல்லிப் பொண்ணு, நாலு இடத்துல எப்படி உக்காருவே?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கனிஷாய் அண்ணியும் குழந்தையும் மூடின வீட்டுக்குள்ள இருக்காங்க. கரி நஞ்சு."

மமித் கையிலிருந்ததைப் பனியில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஊர் முடிந்து பாலத்தைத் தாண்டியதும் பாதை, ஆற்றோரமாக, இரண்டு சக்கரத் தடங்களாக மட்டும் போனது. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து பின்னால் போயின. அண்ணி மூச்சு விடுகிறாளா? ஆமாம் அல்லது இல்லை. குழந்தை? ஆமாம் அல்லது இல்லை. பதில் அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவள் போய்ப் படிக்க வேண்டியதுதான் பாக்கி. சன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். குளிர் முகத்தை அறுத்தது. அந்தக் காற்றில் ஒரு வாய் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்று கிறுக்குத்தனமாக வேண்டிக்கொண்டாள்.

"கதவைத் திறந்திருப்பாங்க," என்றான் மமித். "மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் திறப்பாங்க."

"முட்டாது அண்ணே. அது முட்டாது. தூக்கம்தான் வரும்."

"தெரியும்," என்றான் அவன். "என் தம்பி மாமனார் வீட்டுல… கதவை உடைச்சுப் போனப்ப மேசைமேல தேநீரெல்லாம் ஊத்தி வச்சபடி…" நிறுத்திக்கொண்டான். "இல்ல, அது வேற. அது ராத்திரி."

"இன்னும் வேகமாப் போகமுடியாதா?"

"போனா ஆத்துல போவோம், தங்கச்சி."

பாதை திரும்பியதும் எதிர்ச் சரிவில் ஆடுகள் தெரிந்தன, வெள்ளையில் சிந்திய மிளகுபோல. அவற்றுக்கு மேலே குதிரையில் ஒரு சின்னக் கறுப்பு உருவம். அப்பா. மமித் ஒலிப்பானை அழுத்திப் பிடித்தான். ஜிபார் சன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்து இரண்டு கைகளாலும் வீட்டுப் பக்கம் காட்டினாள், தொண்டை கிழியக் கத்தினாள். இடையில் ஆறு. காற்று எதிர்ப்பக்கம் வீசியது. அந்த உருவம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தொப்பியைக் கழற்றி உற்சாகமாக ஆட்டியது. மகள் விருந்தாட வருகிறாள் என்று நினைத்திருக்கும்.

வீடு தெரியும் இடத்தில் வண்டி பனிக்குவியலில் ஏறி, உறுமி, பக்கவாட்டில் அமர்ந்துவிட்டது.

"இறங்கி ஓடு! மண்வாரியை எடுத்துட்டு நானும் வரேன்," என்றான் மமித்.

அவள் ஓடினாள். ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை புதைந்தது. கனவில் ஓடுவதுபோல இருந்தது, கால்கள் வேறொருத்தியுடையவைபோல. அவள் கண் புகைபோக்கியை விட்டு நகரவில்லை. அதிலிருந்து புகை வரவில்லை. தகட்டை இறுக மூடியிருக்கிறார்கள். அடுப்பில் கரி எரிந்துகொண்டுதான் இருக்கும், வருவதெல்லாம் உள்ளேயே தங்கும். நாய் மட்டும் குரைத்தபடி எதிரே ஓடிவந்து, அவள் மணம் தெரிந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே துள்ளியது. அதற்கு விளையாட்டு.

கதவடியில் குளிர் புகாமல் கம்பளத் துண்டைத் திணித்திருந்தார்கள். தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். கதவு திறந்தபோது சூடு முகத்தில் அறைந்தது. பாலும் ஈரக் கம்பளியும் மணக்கும் நல்ல சூடு. எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுவரில் அவள் செய்த பெட்டி, பச்சை விளக்கு எரிய, பேசாமல் இருந்தது.

அண்ணி மரத் தொட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை விரிப்பில் படுத்திருந்தாள். ஒரு கை தொட்டிலின் குறுக்குக் கட்டைமேல் கிடந்தது. கன்னங்கள் கோடைக்காலத்தில் மேய்ச்சல் வெளியிலிருந்து திரும்பியவளுக்குச் சிவந்திருப்பதுபோலச் சிவந்திருந்தன. அவ்வளவு அழகாக அவளை ஜிபார் பார்த்ததே இல்லை.

"அண்ணி! எழுந்திருங்க அண்ணி!"

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிலின் மூடுதுணியை விலக்கினாள். வழக்கப்படி குழந்தையை மார்போடும் காலோடும் அகலமான பட்டைகளால் தொட்டிலோடு கட்டியிருந்தார்கள். முடிச்சு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. ஒரு முடிச்சு இறுகியது. நேரமில்லை. தொட்டிலை அப்படியே, கட்டிய குழந்தையோடு, இரண்டு கைகளாலும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தாள். நிலைப்படியில் முட்டி நின்றது. உதைத்து வெளியே தள்ளினாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மமித் அவளைத் தாண்டி உள்ளே போனான். கண்ணாடி உடையும் சத்தம். பிறகு கனிஷாயின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்து வந்தான். அவள் குதிகால்கள் பனியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு வந்தன.

அப்போது உள்ளே பெட்டி அலறியது.

"இப்பக் கத்துது பாரு சனியன்!" என்று மமித் வீட்டைப் பார்த்துக் கத்தினான். "யாரைக் கூப்பிடறே இப்ப?"

நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று ஜிபாருக்குத் தெரிந்தது. காற்று உள்ளே போகிறது. அதை அவனிடம் சொல்ல நேரமில்லை. பல்லால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டை அவிழ்ந்தது. குழந்தையை வெளியே எடுத்தாள். தலை அவள் உள்ளங்கையில், உருண்டுபோகும் ஆப்பிள்போல, தன் போக்கில் சாய்ந்தது. கோட்டைத் திறந்து அதைத் தன் கழுத்தோடு வைத்துக்கொண்டாள். அங்கே மூச்சு படுகிறதா? பெட்டியின் அலறலில் எதையும் கேட்க முடியவில்லை. தோலால் மட்டும் கேட்டாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு கழுத்தில் ஒரு புள்ளியில், ஒரு ஈ உட்கார்ந்து எழுந்ததுபோல, ஒரு வெப்பம். மறுபடி ஒன்று.

"இருக்கு," என்றாள். "அண்ணே, இருக்கு."

கனிஷாய் பக்கவாட்டில் புரண்டு வாந்தி எடுத்தாள். மமித் அவள் முகத்தில் பனியைத் தேய்த்தான். கண்ணைத் திறந்தவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு ஜிபாரின் கோட்டுக்குள் தெரிந்த சின்னத் தலையைப் பார்த்தாள்.

"பைத்தியமா உனக்கு?" குடித்தவள்போலக் குழறினாள். "நாப்பது கழியலடி. குளிரு… உள்ள கொண்டு போ."

"போக முடியாது அண்ணி. உள்ள நஞ்சு."

அலறல் சட்டென்று நின்றது. பள்ளத்தாக்கு முழுவதும் காதை அடைத்ததுபோல ஆகிவிட்டது.

"நின்னுருச்சு," என்றாள் கனிஷாய். முகம் தெளிந்தது. கைகளை ஊன்றி, நான்கு கால் பிராணிபோல, கதவை நோக்கித் தவழத் தொடங்கினாள். "நின்னுருச்சு பாரு. குழந்தையைக் குடு. உள்ள போலாம்."

ஜிபார் ஒரு கையால் அவள் காலுறையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நின்னா நம்பாதீங்க."

"நீதானேடி சொன்னே?" கனிஷாய் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பாடம் மறந்த சிறுமியின் குழப்பம்தான் இருந்தது. "கத்தினா திற, நின்னா மூடுன்னு… நீதானே மாட்டிவிட்டுச் சொன்னே. நான் அப்படியேதான் செஞ்சேன். ஒரு தடவைகூடத் தப்பாச் செய்யல."

ஜிபார் காலுறையை விடவில்லை.

மமித் உள்ளே ஓடிப்போய்ப் போர்வைகளை அள்ளிவந்தான். கனிஷாயைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினான். வண்டியின் முன்சக்கரத்தை மண்வாரியால் விடுவித்தபோது அவன் மீசை முழுவதும் வெண்மையாகியிருந்தது. "மருத்துவமனைக்குத்தான்," என்றான். "ரெண்டு பேருக்கும் பிராணவாயு வைக்கணும். தூங்க விடாதே. ரெண்டு பேரையும் தூங்க விடாதே."

பின்னிருக்கையில் ஜிபார் குழந்தையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். சன்னல்களைத் திறந்தே விட்டிருந்தார்கள். கனிஷாய் அவள் தோளில் சாய்ந்து, தலை வெடிக்கிறது என்று முனகினாள். குழந்தை முதலில் பூனைபோல ஒரு சத்தம் போட்டது. பிறகு வாயைத் திறந்து, முகம் சுருங்க, அழுதது.

"அழுதுடுச்சு!" என்றான் மமித். கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்தான். "கத்து ராஜா, கத்து! உங்க அத்தை பொட்டியைவிடப் பலமாக் கத்து!"

கொஞ்ச தூரம் அது அழுதது. பாலத்துக்கு முன்னால் அழுகை மெலிந்தது, விக்கலாயிற்று, நின்றது. கண்ணிமைகள் மூடின. நல்ல தூக்கத்துக்கும் மற்றதற்கும் ஜிபாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. போர்வைக்குள் கையை விட்டு, கொட்டைபோன்ற அந்தச் சின்னக் குதிகாலைத் தேடிப் பிடித்து, கிள்ளினாள்.

குழந்தை வீறிட்டது.

"ஏண்டி கிள்றே பிள்ளையை?" என்றாள் கனிஷாய், கண்ணைத் திறக்காமல்.

"அழட்டும் அண்ணி."

பாலத்தைத் தாண்டினார்கள். அழுகை மறுபடி தேய்ந்தது. ஜிபார் மறுபடி கிள்ளினாள். முன்னால் மமித் ஒவ்வொரு முறை சத்தம் நிற்கும்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான், அது வந்ததும் வேகத்தைக் கூட்டினான். ஊரின் முதல் கூரைகள் தெரிந்தபோது குழந்தையின் குதிகால் இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. ஜிபாரின் விரல்கள் அடுத்த கிள்ளுக்குத் தயாராக அங்கேயே இருந்தன.